இசக்கியின் கழுத்து மாலையும் நம் பிள்ளைகளின் இறுதி ஆட்டமும்

என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கடையைப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் பழக்கிய கபடிப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் காரியம் முடிந்த மறுநாளே எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். "நீங்க வந்து விசில் மட்டும் ஊதுங்க அத்தை, போதும்" என்றாள் இசக்கி. விசில் ஊதினால் போதுமா? இப்போது நம் ஊர் குலசையில் எனக்குக் கபடிக்கார அக்கா என்றே பெயர். கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடிப் போட்டியில் பிள்ளைகள் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அதைக் கெடுத்தது நான்தான்.

அரையிறுதியில் தோற்கிற நிலைமை. பயத்தில், "தாயே, இதில் ஜெயிக்க வை, இசக்கி உனக்கு மாலை போட்டு தசராவுக்கு வேஷம் கட்டுவாள்" என்று அம்மனிடம் நேர்ந்துவிட்டேன். ஜெயித்தோம். இசக்கியும் சந்தோஷமாக மாலை போட்டாள். இறுதி ஆட்டத்தைத் தசரா வாரத்திலேயே வைப்பார்கள் என்று யார் கண்டது?

"கழுத்துல எதுவும் இருக்கக்கூடாதும்மா. கழத்திட்டு வரச் சொல்லுங்க" என்று நடுவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தசரா கடைசி நாள் சூரசம்ஹாரம் முடியாமல் எப்படிக் கழற்றுவது? இசக்கி என் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொன்னா கழத்துதேன் அத்தை." நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "வேண்டாம்ளா, நீ உக்காரு" என்றேன்.

அவளுக்குப் பதில் ரெய்டு போக இருந்தது செல்வி மட்டும்தான். உங்களுக்குத் தெரியுமே, பயிற்சிக்கு ஒரு நாள் தவறமாட்டாள், ஓர் ஆட்டத்திலும் இறங்கியதில்லை. முதல் தடவையே அமுக்கிவிட்டார்கள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஈ என்று இளித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "ஏளா, என்ன இளிப்பு?" என்று கத்தினேன்.

"காலை எங்கன வச்சுப் பிடிக்காங்கன்னு தெரிஞ்சிட்டு அத்தை" என்றாள்.

அடுத்ததிலும் பிடிபட்டாள். அதற்கடுத்ததிலும். வெளியே வரும்போதெல்லாம் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி மாட்டினேன் என்று அவளுக்கு விளக்கம் வேறு. கடைசியில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். நம் பிள்ளைகள் போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

ஆனாலும் தோற்றோம். நன்றாகவே தோற்றோம்.

பஸ்ஸில் உங்களை நினைத்து அழுதேன், மறைப்பானேன். நமக்கு எதற்கு இந்த வேலை, இதோடு ஒதுங்கிக்கொள்வோம் என்று முடிவே செய்துவிட்டேன். திருச்செந்தூர் தாண்டியதும் செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் அத்தை?"

"தோத்தாச்சேளா, இனி என்ன நாளைக்கு?"

"அதான் கேக்கேன். அவங்க பிடிச்ச பிடியெல்லாம் மறக்கதுக்கு முன்ன பழகணும்லா?"

"நாலரைக்கு வா" என்றேன். "நானும் வாரேன். மாலை இருக்க வரைக்கும் தள்ளி நின்னு சொல்லிக் குடுப்பேன்" என்றாள் பின் சீட்டிலிருந்து இசக்கி.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி ஜெயிக்க வை என்று அம்மனைத் தொந்தரவு பண்ணமாட்டேன். கை கால் சுகத்தை மட்டும் கேட்பேன். அதற்கு நேர்ந்துகொள்வதாக இருந்தாலும் மாலையை நானே போட்டுக்கொள்வேன். பிள்ளைகள் ஆடட்டும்.

என்றும் உங்கள் பொஞ்சாதி,
பேச்சியம்மாள்