விடிந்ததும் எடுக்கும் ரத்தம்

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? இதை யாரிடமும் காட்டாதே. அம்மாவிடம் காட்டவே காட்டாதே. எனக்குக் காய்ச்சல். விடுதியின் நோயறையில் தனியாகப் படுத்திருக்கிறேன். ரத்தத்தில் தொற்றைக் காட்டும் அளவு எக்கச்சக்கமாம். அதனால் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள்.

“விடிஞ்சதும் மறுபடி ரத்தம் எடுப்பேன், மகாராணி. அளவு பாதியா எறங்கியிருந்தா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிதான்” என்று நர்சம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் இப்போது உடம்பு மறுபடி கொதிக்கிறது, அக்கா. பயமாக இருக்கிறது.

போர்த்திக்கொள்ள உன் பழைய துப்பட்டாவை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இன்னும் விடியவே இல்லையே, அக்கா