கன்னத்து மங்கு

பாப்பாவுக்கு,

சம்பா நடவு முடிந்துவிட்டது. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

சென்னையில் நீ நடித்த புடவை விளம்பரத்தை நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் பெரிதாக வைத்திருக்கிறார்கள். கன்னத்து மங்கு, பரு எதையும் அழிக்காமல் போடுவார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த உன் போட்டோவில், ஸ்டுடியோவில் சொல்லி அதையெல்லாம் அழித்து, நிறத்தையும் ஏற்றியிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அதே ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நின்றேன். மாப்பிள்ளைப் பையனின் அம்மா பக்கத்தில் வந்து விளம்பரத்தைக் காட்டி, "இது உங்க பொண்ணாங்க?" என்று கேட்டார்கள்.

"இல்லீங்க, யாரோ" என்றேன்.

அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக என் கன்னத்தைப் பார்த்தார்கள். அதே இடத்தில் எனக்கும் மங்கு இருப்பதை மறந்தேபோனேன்.

லீவு கிடைத்தாலும் இப்போது வராதே.

உன் ஜாடையுள்ள
அம்மா