சிவப்புக் கோடு போட்ட நட்டு

என் சிட்டுக்குட்டிக்கு, அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டு எழுந்து ஓடுகிறேன்.

இப்போது எழுதுவது அப்பாவின் காரைப் பற்றி. மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பின்னால் வைத்து அவர் கையாலேயே செய்தாரே, நீகூடத் தகர டப்பா என்பாயே, அதுதான். போன வாரம் ஷெட்டுக்குள் விடலாம் என்று அப்பாவின் கூட்டாளி, உன் மொட்டை மாமா, ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஊரையே கூட்டுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கிளட்ச் காலி தங்கச்சி, உனக்கெதுக்கு இந்தத் தலைவலி, சனிக்கிழமை நானே எடுத்துட்டுப் போறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் வரை என்னைக் கடைக்குக் கூட்டிப்போன வண்டி சும்மா நின்ற இடத்தில் எப்படிக் கெடும், சாவியும் இவரிடம்தானே இருந்தது. இந்த இன்ஜினில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கிடக்கிறது, வேறு ஆயில் ஊற்றினால் வழுக்கும் என்று அப்பா சொல்வாரே, அதனால் என்ன ஆயில் ஊத்தினீங்கண்ணே என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். மனுஷன் ஆறிப்போன டீயைக்கூடத் தொடாமல், சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போனதும் ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன், அப்பா ஊற்றும் அதே ஆயில்தான்.

அப்படியும் மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் பழைய சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். கிளட்ச் கேபிள் கொஞ்சமும் தொய்வில்லாமல் விறைத்துக் கிடந்தது. நகத்தளவு ஆட்டம் விடணும், இல்லேன்னா கிளட்ச் முழுசாப் பிடிக்காது என்று அப்பா ஆயிரம் தரம் சொன்னது, சரி, கள்ளன் அகப்பட்டான் என்று நினைத்தேன். அப்போதுதான் கேபிளை இறுக்கும் நட்டில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். நீ விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து, இறுக்கின நட்டுக்கெல்லாம் அப்பா கோடு போடுவாரே, அதேதான். கோடு கொஞ்சமும் உடையவில்லை, அவருக்குப் பிறகு அதில் யார் கையும் படவில்லை சிட்டு.

எழுந்து உள்ளே பார்த்தால் கிளட்ச் பெடல் மேல் ஒரு மரக்கட்டை, அதன்மேல் என் பழைய செருப்பின் ரப்பர் ஒட்டியிருந்தது. சீட்டில் உட்கார்ந்தேன். என் குட்டைக் கால் எட்டியது. வலிக்கிற என் முட்டியை அதிகம் மடக்காமல் லேசாக மிதித்தாலே போதும் என்று, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின அந்தக் கடைசி நாட்களில் கேபிளை இறுக்கியிருக்கிறார், ஆட்டம் விட மறந்துவிட்டார். இத்தனை வருஷமாக ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்றால், நீ பக்கத்தில உக்காந்து வழி சொன்னாப் போதும் மகராசி என்று சிரித்த மனுஷன்.

கோட்டை உடைக்க எனக்குக் கை வரவில்லை. மாமா வீட்டுக்குப் போய், என் வாய் அழுகட்டும்ணே என்று மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். கோட்டைப் பார்த்ததும் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ரெண்டு சுற்றுத் தளர்த்தினார். வண்டி எகிறிப் போய்ப் பூந்தொட்டியை உடைத்தது. எனக்கு வெல்டிங்தான் தெரியும், இன்ஜின் அவன் வேலை, நீ என்னைக் கேட்டது தப்பில்ல என்றார். திங்கட்கிழமை முதல் அவர்தான் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்.

நீ நன்றாக இரு கண்ணே, உன் வீடு நிறைய இரு. வரும்போது அதே சிவப்பு நகப்பூச்சு ஒன்று மறக்காமல் வாங்கி வா, இங்கே பாட்டில் காய்ந்துவிட்டது.

அன்புள்ள அம்மா

கட்டையை அறுத்து, ரப்பரை ஒட்டி, எல்லாம் செய்துவிட்டு என்னிடம் மட்டும் ஏன் சிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்?