சிவப்புப் பூவை ஒதுக்கியவளுக்கு

அம்மிணி,

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முதியோர் வகுப்பில் இப்போதுதான் எழுதப் பழகினேன். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று நல்லூர் பஸ்ஸில் யாரோ ஒருவர் அரளிப்பூக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாசத்தில் கண்ணை மூடினேன். நீ கோயிலில் நின்றிருந்தாய்.

அப்போது உனக்கு ஒரு நோவும் கிடையாது. நீ வேலை பார்த்த பனியன் கம்பெனி மருத்துவ முகாமில் எடுத்த ரத்தத்தில் ஏதோ கோளாறு தெரிந்ததுதான் நம்மைக் கோயமுத்தூர்வரை கொண்டுபோனது. "இது இன்னும் புற்றுநோய் இல்லை. ஆகாமலே போகலாம், ஆகவும் கூடும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம் என்று நம்புகிறோம். உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. மாத்திரை தின்றால் தூக்கம் கண்ணைச் செருகும், கால் மரத்துப்போகும் என்றும் சொன்னார்.

எனக்குப் பயம். நன்றாக இருக்கிற உடம்பை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றேன்.

"சரிங்க, ஆத்தாளையே கேட்டுப்போடலாம்" என்றாய்.

அம்மன் காலடியில், தட்டில், இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள். வெள்ளைப் பூ வந்தால் மாத்திரை, சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா வேண்டாம்ங்கறாளே" என்றார்.

"ஆத்தாளுக்குச் சரியாக் காது கேக்கலீங்க. இன்னொருக்கா எடுங்க."

மறுபடியும் சிவப்பு. எனக்கு நிம்மதி. நீயோ, கம்பெனிச் செக்கிங் மேஜையில் ஓட்டை விழுந்த டேமேஜ் பீஸை ஒதுக்குவதுபோல, அந்தச் சிவப்புப் பூவை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாய். தட்டில் மிச்சம் ஒரே பொட்டலம்.

"இப்ப எடுங்க சாமி."

பூசாரி சிரித்துவிட்டார். "ஏனுங்க, ஆத்தாளையே ஏமாத்தறீங்களா?"

"ஏமாத்தலீங்க. பொழைக்கோணும்ங்கறேன்."

இடுப்பில் சொருகிய பூவை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தாய். நீயும் பயந்திருந்தாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாத்திரை தின்ற வருடங்கள் கனவுபோலப் போயின. பக்கத்து வீட்டில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடும் சத்தத்தில், தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி மத்தியானமெல்லாம் கட்டிலில் தூங்குவாய். நான் மெல்ல வந்து உன் மூக்கருகே விரல் வைப்பேன். கண் திறக்காமலே சொல்வாய்: "இருக்கேனுங்க. போய்ச் சோறுண்ணுங்க."

அந்த நோய் கடைசிவரை விழிக்கவில்லை. மாத்திரைதான் தடுத்ததா, அதுவாகவே தூங்கியதா, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு.

அமராவதி ஆற்றில் நாம் நனைந்த கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம். கை ஆறட்டும், வருகிற வாரம் எழுதுகிறேன். இப்போது மத்தியானம். கட்டில் பக்கம் போனால் உன் குரல் கேட்கும்.

போய்ச் சோறுண்கிறேன், அம்மிணி.