நாலு வருஷம் கேட்காத கடன்

வக்கீலம்மா,

நீ எனக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு. சட்டப் படிப்பில் சேர வாங்கியது. நேற்று சாப்பிடும்போது அதைச் சொல்லிக்காட்டியது என் தப்புதான். அதுக்காக, "பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம், கூடுதல் ஷிப்ட் பாத்து உங்க கடனை அடைக்கிறேன்" என்று நீ சொன்னது மனசை அறுக்கிறது.

சோறு மூடி வைத்திருக்கிறேன். போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு. நீ இன்று வரமாட்டாய் என்று உன் தையல் கம்பெனியில் சொல்லிவிட்டுத்தான் மூட்டை தூக்கப் போவேன்.

உன் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. மூணு வருஷம் கேட்காத கடனை அப்புறம் கோர்ட்டில் கேட்க முடியாதாமே. நான் கொடுத்து நாலு வருஷம் ஆச்சு.

அப்பா

பி.கு: நேற்றுதான் கேட்டீர்களே என்று மடக்காதே. ஒரு வருஷம் பிந்திக் கேட்டுவிட்டேன். கேஸ் நிற்காது. பரீட்சைக்குப் போ.