உப்பில்லாத பத்தியம்

வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. இன்று முதல்முறையாக உப்பில்லாமல் ரசம் வைத்தேன். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் உன் நினைப்பு வந்துவிட்டதடி. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளில் குரும்பலூரில் நாம் இருவரும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். சில மாதம் நீ படுக்கையை விட்டு எழவே மாட்டாய். எழுந்துவிட்டாலோ உட்கார மாட்டாய். தூக்கமில்லாமல் ஊரெல்லாம் பேசித் திரிவாய், பள்ளிக்கூடம் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிறேன் என்று கிளம்புவாய். காத்து கருப்பு என்றார்கள். திருச்சி டாக்டர்தான், இரண்டும் ஒரே நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனைக்கு உன்னைக் கூட்டிப்போவது என் பாடு. பஸ்ஸில் வாந்தி எடுப்பதும் நான்தான். "யாருக்கு யாருடி துணை?" என்று சிரிப்பாய்.

மாத்திரை கேட்டது. நீ தூங்கினாய், ஒழுங்காகப் பாடம் நடத்தினாய். உன் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. இத்தனை பெரிய வியாதிக்குப் பத்தியம் இல்லாமலா? உப்பைக் குறைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், உப்பில்லாமலே ஆக்கிப் போட்டார். நீயும் அம்மாவின் திருப்திக்காகச் சாப்பிட்டாய். கொஞ்ச நாளில் கை நடுங்கியது, நாக்கு குழறியது, சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. காரில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோனேன். உப்பு குறைந்தால் அந்த மாத்திரை உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும் என்றார் டாக்டர்.

"நல்லதுக்குத்தான் கண்ணு செஞ்சேன்" என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை என்ன சொல்ல?

உடம்பு தேறியதும், அளவைக் குறைத்து மறுபடி கொடுக்கலாம் என்றார் டாக்டர். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "இனிமே அதத் தொட மாட்டேன். நீயும் வூட்டுக்குப் போ."

மாத்திரை இல்லாத உன்னை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை தாங்குவாயா என்று பயம். கெஞ்சத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"எனக்கு முடியலடி."

நீ என் பக்கம் திரும்பினாய். "எனக்குந்தான் முடியல. முடியாமயே ரெண்டு பேரும் பாத்துக்குவோம். தண்ணி எடு."

மாத்திரையைப் போட்டுக்கொண்டாய். நோய் போய்விடவில்லை. பிறகும் சில தடவை விழுந்தாய், எழுந்தாய். எனக்கும் அலுப்பு தீரவில்லை. போன வருஷம் சாதாரணக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய்.

பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் உன் வாசலில் நின்று, "ராத்திரி தூங்குனியா?" என்று கேட்பேன். நீ சொல்லும் பதிலில்தான் அன்றைய என் பொழுது இருக்கும். இப்போது விடிந்ததும் மருமகளிடம் கேட்கிறேன். "நல்லாத்தான் தூங்குனேன், ஏன் அத்தே தெனமும் கேக்குறீங்க?" என்கிறாள். யாரிடமாவது கேட்டாக வேண்டியிருக்கிறதடி.