உலக்கைச் சத்தம் விழுந்த கோப்பிப் பாட்டு

10.3.1990, சனி

றேடியோவில் மத்தியானம் இரண்டரை மணி நிகழ்ச்சியில் இன்றைக்கு ஐந்து தென்னமெரிக்கப் பாட்டுகள். அதில் மூன்று கோப்பிப் பாட்டு! ஒன்றில் ஒருத்தி, கோப்பி ஆறிவிட்டது, இன்னும் நீ வரவில்லை என்கிறாள். அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் பாட்டின் பொருளைச் சொன்னார். இல்லாவிட்டால் கலியாண வீட்டுப் பாட்டு என்றுதான் நினைத்திருப்பேன். எனக்குப் பிடித்ததே இந்தக் கள்ளத்தனம். நாங்கள் தலையில் கைவைத்துச் சொல்கிற துயரத்தை அவர்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு சொல்கிறார்கள். எங்கள் பாட்டுகளில் நிலவு வரும், தென்றல் வரும், விடிய எழும்பிக் குடிக்கிற கோப்பி மட்டும் வராது. பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டுப் படிப்பிக்கிற ஐரிஸ் ரீச்சர் இப்படி எழுதுகிறாள் என்று அதிபருக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

வெறும் கசெற் கையில் இல்லை. எட்வேர்ட் அண்ணை கப்பலில் இருந்து பேசி அனுப்பிய கசெற்றை எடுத்து, குரல் அழியாதிருக்க உடைத்துவிட்டிருந்த மூலையில் பிளாஸ்ரர் ஒட்டி, றேடியோவுக்கு முன்னால் றெக்கோடரை வைத்துப் பதிந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணைதான் மூன்று மாதத்துக்கு ஒன்று அனுப்புகிறாரே.

11.3.1990

போட்டுப் பார்த்தேன். எக்காளமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அம்மா பின்பக்கம் கோப்பி இடித்த சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. தாளத்துக்கு ஒட்டாத இடி. எரிச்சல்.

3.7.1990, கொடிகாமம்

தெல்லிப்பழையை விட்டு வந்து ஒன்பது நாள். ஷெல் விழத் தொடங்கியதும் அம்மா வேதப்புத்தகத்தை எடுத்தார், நான் கசெற் பையை எடுத்தேன். அரிசி எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. என்னோடு படிப்பிக்கிற பொன்மலரின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். உரலை விட்டுவிட்டு வந்தோம் என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார். உரலைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியுமா?

14.10.1990

அண்ணையிடமிருந்து எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கு அம்மா கேட்டார்: "பிள்ளை, அவன் கதைச்ச கசெற்றை ஒருக்காப் போடு."

மின்சாரம் இல்லை, பற்றறிக்கு அரசாங்கத் தடை என்றேன். இரண்டும் உண்மை. உண்மையைச் சொல்லியே பொய்க்காரியாகலாம் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

2.11.1990

திரும்பவும் கேட்டார்.

ஏன் அதை எடுத்தனான்? ஒரு பாட்டுக்காக— 'இங்கை கோப்பி நல்லது அம்மா, ஆனால் மல்லி போடத் தெரியாது இவங்களுக்கு' எண்டு அண்ணை அதிலை சொன்னவர். மிச்சம் என்ன சொன்னவர்? ஞாபகம் இல்லை. அவரின்ரை குரலே இப்ப சரியா வருகுதில்லை. அவருக்கு ஏதும் நடந்திருந்தால்? அப்ப நான் அழிச்சது கசெற்றையோ?

19.1.1991

பொன்மலரின் தகப்பன் கந்தப்பு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் பிடித்து, றெக்கோடரைப் பாட வைத்துவிட்டார். ஊரே இப்படித்தான் செய்தி கேட்கிறது. அம்மாவுக்காகவே செய்தாராம், பாவம், நல்ல மனுசன். என் சாட்டு முடிந்தது.

20.1.1991, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் கந்தப்பு பெடலைக் கையால் சுற்றத் தொடங்கினார். வேறு கசெற்றைப் போட்டு, பழுதாகிவிட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அம்மா அண்ணையின் கையெழுத்தைப் பார்த்து அதையே எடுத்துத் தந்தார்.

எக்காளம். பிறகு அந்தப் பெண், ஆறிப்போன கோப்பியோடு. கந்தப்பு களைத்த இடமெல்லாம் அவள் குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. பாட்டு முடியக் கதைப்பான் என்று அம்மா கைகட்டிக் காத்திருந்தார். இரண்டாவது பாட்டு. மூன்றாவது. அதன் நடுவில் அம்மா தலையை நிமிர்த்தினார்.

"அது என்ரை உலக்கை."

நான் றெக்கோடரை நிறுத்தினேன். அதுவே போதுமாக இருந்தது.

"என்ரை பிள்ளையை அழிச்சுப்போட்டு என்ரை உலக்கையை வைச்சிருக்கிறாய்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

21.1.1991

அம்மா கதைக்கவில்லை.

25.1.1991

இன்றைக்கும் இல்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போகிறார்.

12.2.1991

நான் பள்ளிக்கூடம் போன நேரம், அதே கசெற்றைப் போடச் சொல்லி அம்மா கந்தப்புவிடம் கேட்டிருக்கிறார். பொன்மலர்தான் சொன்னாள். பாட்டை அம்மா கவனிக்கவில்லையாம். எங்கள் தெல்லிப்பழைக் கிணற்றுத் துலா கிறீச்சிடுவதையும், அடுத்த வளவு நாய் குரைப்பதையும், தன் உலக்கையையும் கேட்டுக்கொண்டு இருந்தாராம். 'இது மத்தியானம், வேலிப்பக்கம் வெயில்' என்றாராம்.

பின்னேரம் நானும் கேட்டேன். உலக்கை பிழையாக விழவில்லை. நாங்கள் எதிர்பார்க்கிற இடத்தை விட்டு அரை மாத்திரை தள்ளி விழுகிற தாளம் அந்தப் பாட்டுக்கு. அம்மாவும் அந்த இடத்தில்தான் இடித்திருக்கிறார். பெரிய சங்கீதக்காரி நான்! வீட்டில் கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

6.5.1991

அண்ணை இருக்கிறார். இருக்கிறார்!

செஞ்சிலுவைக்காரர் மூலம் கடிதம் வந்தது. பிறேசிலில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நிற்கிறதாம். தெல்லிப்பழை விலாசத்துக்கு எழுதிய ஐந்து கடிதமும் திரும்பிப் போய்விட்டனவாம். கடைசி வரியில், அம்மாவின் சத்தத்தைக் கேட்கவேண்டும் போல இருக்கிறது, ஏலுமென்றால் பதிந்து அனுப்பு என்று எழுதியிருக்கிறார்.

அம்மா கடிதத்தைப் பொன்மலரிடம் கொடுத்து இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாம் தரம் என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். மூன்றரை மாதத்துக்குப் பிறகு.

9.5.1991

நாளைக்கு ஆஸ்பத்திரி நேர்ஸ் கத்தரீனா மிஸ்ஸி ஒரு நோயாளியோடு கொழும்புக்குப் போகிறார். கசெற்றை அங்கே தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வெறும் கசெற் எந்தக் கடையிலும் இல்லை. என்னிடம் இருப்பதிலேயே நல்ல பாட்டுகள் உள்ள கசெற்றை அழிக்கவென்று எடுத்தேன். அம்மா அதை வாங்கித் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு அண்ணையின் கசெற்றை நீட்டினார். பாட்டும் இருக்கட்டும், அதற்குப் பிறகு பதி என்றார்.

கந்தப்புவை விலக்கிவிட்டு நானே பெடலைச் சுற்றினேன். அம்மா றெக்கோடருக்கு முன்னால் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். என் கை ஓய்ந்தது. நான் களைத்து மெல்லச் சுற்றிப் பதிந்த இடமெல்லாம், அங்கே சரியான வேகத்தில் ஓடும்போது, அம்மாவின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்கப்போகிறது. அண்ணை பயப்படாமல் இருக்கவேண்டும்.

"தம்பி, அம்மா கதைக்கிறன். முன்னுக்குக் கேட்டது எங்கடை வீடு. இப்ப அங்கை ஒருத்தரும் இல்லை. உன்ரை குரலைத் தங்கச்சி அழிச்சுப்போட்டாள், நீ அவளை ஏசாதை. நான் ஏசீட்டன். நீ திரும்பக் கதைச்சு அனுப்பு."

முடிந்ததென்று நினைத்தேன். நிறுத்தாதே என்று அம்மா கையால் காட்டினார். அண்ணை ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி றெக்கோடரையே பார்த்துக்கொண்டிருந்தார். கசெற் ஓடி முடியும்வரை சுற்றினேன்.